400 படங்களை அடுக்கி ஓரியன் நெபுலா

திருவாதிரைக் களி சாப்பிட்ட கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஆதிரை நாளில் ஆதிரை நட்சத்திரத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. மாடியில் போய் நின்று பார்த்தால், முழு நிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நின்று வானம் முழுவதையும் வெளுக்க அடித்துக்கொண்டிருந்தது. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி, நிலா ஆதிரைக்கு அருகில் வரும் நாள்தானே திருவாதிரை. பஞ்சாங்கம் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. படம் எடுக்கும் கணக்கோடு அதைச் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

ஆதிரை என்பது ஓரியன் கூட்டத்தின் தோளில் சிவப்பாக எரியும் பெட்டல்ஜூஸ். அதற்கு எதிர்மூலையில் நீலவெள்ளையாக ரைஜல். நடுவில் இடைவார் போல மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வாரிலிருந்து தொங்கும் சின்ன வாளின் நடுப்புள்ளியைக் கூர்ந்து பார்த்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அது நட்சத்திரமே இல்லை. எம்42 என்று பட்டியலில் பெயர் பெற்ற ஓரியன் நெபுலா. புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுமேகம். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். பல்லவர் காலத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளிதான் இன்று நம் கண்ணில் விழுகிறது. ஆதிரையில் தொடங்கிய ஆசை அன்றிரவே இந்த மேகத்தின் பக்கம் திரும்பியது. அடுத்த அமாவாசைக்கு ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

கையில் இருந்தவை: பழைய 18 மெகாபிக்சல் கேனான் டிஎஸ்எல்ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், சாதாரண ட்ரைபாட், பட்டனை அழுத்திப் பூட்டி வைக்கக்கூடிய வயர் ரிமோட். நட்சத்திரங்களோடு கூடவே சுழலும் மோட்டார் மவுண்ட் கிடையாது. அது இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதுதான் இந்த முயற்சி.

மவுண்ட் இல்லாததால் வரும் சிக்கல் எளியது. பூமி சுழல்கிறது, ஓரியன் பக்கத்து நட்சத்திரங்கள் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) வேகத்தில் நகர்கின்றன. 4 வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் அவை நிலாவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். என் கேமராவில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது சுமார் 17.7 ஆர்க்செகண்ட் வானம். ஆக 4 வினாடியில் மூன்றரை பிக்சல் நீளத்துக்கு நட்சத்திரம் இழுபடும். அதுவரை கண் பொறுத்துக்கொள்ளும். 500 என்ற எண்ணை லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்கும் விதி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. என் கேமராவின் சிறிய சென்சாருக்காக 1.6ஆல் மறுபடி வகுத்தால் 6 வினாடி வருகிறது. எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் சீரக விதை மாதிரி நீண்டுவிட்டன. 4 தான் என் எல்லை.

4 வினாடியில் என்ன கிடைக்கும்? மினுமினுக்கும் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் நிறைந்த கறுப்பு. கேமரா தானாகச் சேர்க்கும் இந்தப் புள்ளிகளைத்தான் இரைச்சல் என்கிறார்கள். நெபுலா இருக்கிறதா, வெறும் இரைச்சலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இங்கேதான் அடுக்குதல் வருகிறது. நூற்றுக்கணக்கில் அதே படத்தை எடுத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் உட்காரும்படி ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பது. ஏன் இது பலிக்கிறது என்று சித்திக்கு நான் சொன்னது கோலத்தை வைத்துத்தான். ஒரே வாசலில் ஒரே புள்ளிக் கோலத்தை முப்பது நாள், பெருக்காமல், மேல் மேலே போட்டால் என்ன ஆகும்? விரலிடுக்கில் சிந்தும் மாவு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் விழும். புள்ளி மட்டும் அதே இடத்தில் விழும். மாதக் கடைசியில் சிந்திய மாவெல்லாம் தரை முழுக்க மெல்லிய வெண்மையாகப் பரவியிருக்கும். புள்ளிகள் தடித்து எழுந்து நிற்கும். படத்தின் இரைச்சல் அந்தச் சிந்திய மாவு. நெபுலா அந்தப் புள்ளி.

கணக்கு என்னவென்றால், படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை மடங்கு தெளிவு கூடும் என்று தெரியும். 16 படத்துக்கு 4 மடங்கு, 100 படத்துக்கு 10 மடங்கு, 400 படத்துக்கு 20 மடங்கு. 400 என்று குறி வைத்தேன். மொத்தம் 1,600 வினாடி, 27 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மார்கழி அமாவாசை

சித்தப்பா வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில். அதே மலைத்தொடரில்தான் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் விட்டக் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. எஃப் 2.8இல் வைத்தால் என் லென்ஸின் திறப்பு 18 மி.மீ. இரண்டுக்கும் பரப்பில் ஏறத்தாழ 17,000 மடங்கு வித்தியாசம். ஆனால் தலைக்கு மேலே இருப்பது அதே வானம். அந்த நினைப்பு எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஊரில் முதல் தடை தெருவிளக்கு. வீட்டு வாசலுக்கு நேர் எதிரே புது எல்இடி கம்பம். முற்றத்தில் நின்றால் உள்ளங்கை ரேகை தெரிகிற வெளிச்சம். கொல்லைப்புறத்திலும் சாய்வாக வந்து விழுந்தது. சித்தப்பாதான் வழி சொன்னார்: "களத்துக்குப் போயி வைக்கப்போருக்கு அந்தாண்ட நில்லு. ஒரு பொட்டு வெளிச்சம் வராது." அப்படியே இருந்தது. இரண்டு ஆள் உயரப் போர். அதன் நிழலுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் வானம் இரண்டு மடங்கு ஆழமானது மாதிரி இருந்தது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வாளின் நடுப்புள்ளி வெறுங்கண்ணுக்கே பஞ்சு போலத் தெரிந்தது.

நம் ஊரில் ஓரியனை எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அது ஏறத்தாழ நடு உச்சி வழியாகப் போகிறது. இந்த இடத்திலிருந்து பார்த்தால் நெபுலா உச்சத்தில் இருக்கும்போது 72 பாகை உயரம். காற்று மண்டலத்தின் கனம் குறைந்த பகுதி வழியாக ஒளி வருவதால் படத்துக்கு நல்லது. கழுத்துக்கும் ட்ரைபாடுக்கும் கஷ்டம். கேமராவை அண்ணாந்து வைத்தால் லென்ஸின் கனத்தில் ட்ரைபாட் தலை மெல்லச் சரிகிறது. நடுத்தண்டை முழுக்க இறக்கி, கால்களைக் குட்டையாக வைத்து, கொக்கியில் மணல் பையைத் தொங்கவிட்டேன். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தபடியே ஸ்கிரீனைப் பார்த்தேன்.

ஃபோகஸ் பிடிக்க ஆட்டோவை அணைத்து, லைவ் வியூவில் ரைஜலைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நட்சத்திரம் எங்கே மிகச் சிறிய புள்ளியாகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அப்புறம் வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டும். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. என் லென்ஸில் அந்தக் குறிக்குச் சற்று முன்னாலேயே கூர்மை வந்துவிடுகிறது.

லென்ஸை முழுக்கத் திறந்து எஃப் 1.8இல் எடுத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் எல்லாம் சிறகு விரித்த குருவி போல ஆகிவிடுகின்றன. எஃப் 2.8க்கு இறக்கி, திறப்பைக் கொஞ்சம் சுருக்கினேன். ஓரம் அடங்கியது, பதிலுக்கு, பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிப் பத்துக் கதிர்கள் முளைத்தன. லென்ஸின் ஒளித் திறப்பான அப்பர்ச்சரில் ஐந்து இதழ். இதழ் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் கதிர்கள் இரட்டிப்பாகும். எனக்கு அந்தக் கதிர்கள் பிடித்திருந்தன, விட்டுவிட்டேன். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600, கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா ஃபைல் மட்டும். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பு வசதியை மெனுவில் கட்டாயம் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா தானாக இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

பத்து மணிக்குத் தொடங்கி ரிமோட்டைப் பூட்டிவிட்டுப் படுத்தேன். கிளிக், கிளிக் என்று தாளம் தப்பாமல் ஓடியது. நூற்றெண்பது படம் ஆனதும் எழுந்து ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு பனிவட்டம். பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் எழுபதாவது படத்திலிருந்தே மங்கத் தொடங்கியிருக்கிறது. லென்ஸ் முகப்பில் டார்ச் அடித்தேன். கண்ணாடி முழுக்கப் பனி வேர்த்திருந்தது.

தெளிந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை மேலே வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வைக்கோலின் மேல் பனி இறங்குவதும் அதே காரணத்தால்தான். துணியால் துடைத்தேன், இரண்டே நிமிடத்தில் திரும்ப வந்தது. துடைக்கும்போது கை பட்டு ஃபோகஸும் நகர்ந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். கையில் மிஞ்சியது நல்ல படம் 70.

70 படத்தை அடுக்கிப் பார்த்தபோது

அடுக்குவதற்கு டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் என்று இலவச மென்பொருள்கள் உண்டு. நான் சிரில் பயன்படுத்தினேன். அது ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரங்களைத் தானே கண்டுபிடித்து, ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுக்கும். சராசரியிலும் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது: ஒரே பிக்சல் இடத்தில் மற்ற படங்களின் மதிப்புக்கு ஒட்டாமல் ஒன்றிரண்டு மட்டும் அளவுக்கு மீறித் துள்ளினால் அவற்றை ஒதுக்கிவிடும். 70 படத்தில் 9 படங்களில் விமானக் கோடு இருந்தது. முடிவுப் படத்தில் ஒன்றுகூட இல்லை.

நெபுலா தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது, இளஞ்சிவப்பாக ஒரு சின்ன இறகு. ஆனால் அதற்குப் பின்னால் படம் முழுக்கச் சாய்வாக மழை பெய்வது போல் மெல்லிய கோடுகள். நான்கு மூலையும் இருண்டு கிடந்தன. வலது பக்கம் ஐந்தாறு சாம்பல் வட்டங்கள்.

இரண்டு நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்தபோதுதான் அடுக்குதல் என்றால் என்னவென்று எனக்கு உண்மையில் பிடிபட்டது. சிந்தும் மாவு இடம் மாறி மாறி விழுந்தால் கரைந்துவிடும். ஆனால் சென்சாரில் சில பிக்சல்கள் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே எரிகின்றன. அந்தக் குறை ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. வானமோ சென்சாரின் மேல் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கிறது. நட்சத்திரங்களைப் பொருத்த மென்பொருள் படங்களை இழுக்கும்போது அந்தக் குறைப் பிக்சல்கள் வரிசையாகத் தள்ளித் தள்ளி விழுந்து கோடாகிவிடுகின்றன. அதுதான் மழை. மூலை இருட்டு லென்ஸின் இயல்பு. சாம்பல் வட்டம் சென்சாரில் ஒட்டிய தூசியின் நிழல். இவையும் எல்லாப் படத்திலும் மாறாமல் இருப்பவை. அடுக்கினால் நெபுலா மட்டும் சேர்வதில்லை. நிலையாக இருக்கும் குறைகளும் கூடவே சேர்கின்றன. அவற்றை எண்ணிக்கையால் விரட்ட முடியாது. தனியாகப் படம் பிடித்துக் கழிக்க வேண்டும்.

அதற்கு மூன்று வகைத் துணைப் படங்கள். டார்க் என்பது லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே 4 வினாடி, அதே குளிரில் எடுப்பது. எரியும் பிக்சல்கள் மட்டும் அதில் பதியும். ஃப்ளாட் என்பது எந்த உருவமும் இல்லாத சமமான வெளிச்சத்தை எடுப்பது. மூலை இருட்டும் தூசியும் மட்டும் பதியும். பயஸ் என்பது மூடி போட்டு மிகக் குறைந்த ஷட்டரில், என் கேமராவில் 1/4000, எடுப்பது. கேமராவின் மின்சுற்று சேர்க்கும் அடிப்படை அளவு அதில் பதியும். வானத்துப் படத்திலிருந்து டார்க்கைக் கழித்து, ஃப்ளாட்டால் வகுக்கிறது மென்பொருள். பயஸ் இங்கே ஃப்ளாட்டைச் சீராக்க மட்டுமே பயன்படுகிறது.

மார்கழி இரவில் பனி வந்த பதற்றத்தில் டார்க் எடுக்காமலேயே மூட்டை கட்டியிருந்தேன். ஃப்ளாட்டை மறுநாள் லென்ஸைக் கழற்றி மாட்டிய பிறகு எடுத்தேன். அது சுத்தமாகப் பொருந்தவில்லை. கழற்றி மாட்டியதில் தூசி இடம் மாறிவிட்டது. பழைய வட்டங்கள் போகவில்லை, புதிதாக வெள்ளை வட்டங்கள் முளைத்தன. ஃப்ளாட் முடியும்வரை லென்ஸைக் கழற்றவே கூடாது, ஃபோகஸைத் தொடவே கூடாது.

உப்பு மூட்டை

பனிக்குத் தீர்வாகக் கடையில் லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டை கிடைக்கிறது. வாங்கியிருக்கலாம். தை அமாவாசைக்கு ஊருக்குப் போனபோது சித்தி முழங்கால் வலிக்குக் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கேட்டேன், இந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று. "அரை மணி நேரம் நல்லா தாங்கும்ப்பா. மேல ஒரு துணி சுத்துனா இன்னும் கொஞ்சம் நிக்கும்."

லென்ஸைச் சூடாக்கவே வேண்டாம். சுற்றியுள்ள காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருந்தாலே பனி ஒட்டாது. சித்தி பழைய நூல் புடவையைக் கிழித்து, விரல் தடிமனில், நீளவாக்கில் இரண்டு மூட்டை தைத்துக் கொடுத்தார். வறுத்த உப்பு கையில் பிடித்துக்கொண்டே இருக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு லென்ஸைச் சுற்றி வைத்து, சைக்கிள் ட்யூபில் வெட்டிய பட்டையால் கட்டினேன். முகப்புக் கண்ணாடிக்கு முன்னால் மூட்டை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சூடான காற்று லென்ஸ் முன்னால் எழும்பினால் நட்சத்திரம் நடுங்கும்.

முதல் சோதனையில் ஒன்று கண்டேன். மூட்டை கட்டியதும் ஃபோகஸ் மாறியது. பிளாஸ்டிக் உடம்பு சூட்டில் கொஞ்சம் விரிகிறது. ஆகவே வரிசையை மாற்றினேன்: முதலில் மூட்டை, பதினைந்து நிமிடம் காத்திருப்பு, அப்புறம் ஃபோகஸ், அப்புறம் டேப். மாற்று மூட்டை அடுப்படியில் தயாராக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் அன்றைய வேலை நடந்திருக்காது.

தை அமாவாசை இரவு

தையில் ஓரியன் எட்டரை மணிக்கே உச்சிக்கு வந்துவிடுகிறது. மார்கழி அமாவாசையைவிட இரண்டு மணி நேரம் முன்னால். பனி கனமாக இறங்குவதற்குள் வேலையை முடிக்கலாம். தர்ப்பணம், படையல் எல்லாம் பகலிலேயே முடிந்து வீடு ஓய்ந்திருந்தது. ஏழரைக்கு வானம் முழுக்க இருண்டதும் போருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

மழை போல் விழுந்த அந்தக் கோடுகளை ஒழிக்க இந்த முறை ஒரே திசையில் ஓட விடவில்லை. ஓரியன் பத்து நிமிடத்தில் இரண்டரைப் பாகை, அதாவது ஐந்து நிலா அகலம், நகர்ந்துவிடும். எப்படியும் கேமராவைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஏறத்தாழ நாற்பது படத்துக்கு ஒருமுறை திருப்பினேன். திருப்பும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே கொஞ்சம் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று தள்ளி வைத்தேன். நட்சத்திரம் சென்சாரின் வேறு வேறு இடத்தில் விழ வேண்டும்; குறைப் பிக்சல் ஒரே கோட்டில் சேரவே கூடாது. வாரின் நடு நட்சத்திரம் ஃபிரேமின் நடுப்பகுதியை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன். விளிம்பில் கொஞ்சம் வெட்டுப்படும். இந்த லென்ஸில் 25 பாகை அகலம் கிடைக்கிறது, ஆதிரையிலிருந்து ரைஜல் வரை முழு ஓரியனும் அடங்குகிறது, வெட்டுக்கும் இடமிருக்கிறது.

பதினோரு சுற்றுக்குப் பிறகு 460 படம். இடையில் ஒருமுறை பேட்டரி மாற்றினேன், தட்டில் வைத்த முட்டையைத் தொடுவது போல. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் சரிபார்த்தேன். நகரவில்லை. லென்ஸ் முகப்பு காய்ந்தே இருந்தது. அதே நேரத்தில் கட்டில் சட்டம், ட்ரைபாட் கால், பை எல்லாம் நனைந்திருந்தன. கடைசிப் படம் முடிந்த கையோடு மூடியைப் போட்டு 40 டார்க், 50 பயஸ். லென்ஸைக் கழற்றாமல், டேப்பை உரிக்காமல், கேமராவை அப்படியே துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனேன்.

ஃப்ளாட் விடியற்காலையில். சித்தப்பாவின் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, லென்ஸ் முகப்பில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, சூரியன் வருமுன் வெளுத்துவரும் வானத்தை நோக்கி நிமிர்த்தி 30 படம். அப்பர்ச்சர் அதே 2.8, ஐஎஸ்ஓ அதே 1600. ஷட்டரை மட்டும் மாற்றி ஹிஸ்டோகிராம் (இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் இருக்கும் வரைபடம்) மேடு நடுவில் வரும்படி வைத்தேன். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் சித்தி புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரில்

படங்கள் ரா கோப்பாக இருந்தபோது மொத்தமே 11 ஜிபி. சிரில் ஒவ்வொன்றையும் விரித்து 32 பிட் வண்ணப் படமாக்கும்போது ஒரு படம் 216 எம்பி ஆகிறது. 400 படத்துக்கு 86 ஜிபி; பொருத்திய நகல்களுக்கு இன்னொரு 86. என் லேப்டாப்பில் காலி இடம் 110 ஜிபி. இரண்டு மணி நேரம் ஓடி, இடமில்லை என்று நின்றது. யாராவது இதை முயன்றால் முதலில் வட்டில் இடம் பாருங்கள். நான் தேடிய எந்த விளக்கமும் இதை முன்னாலேயே சொல்லவில்லை.

460இல் ஃபோகஸ், காற்று ஆட்டம், மெல்லிய மேகம் பார்த்து 60ஐக் கழித்தேன். மீதி 400ஐ நூறு நூறாக நான்கு கட்டாகப் பிரித்தேன். ஒரு கட்டை முடித்து, விளைவை வைத்துக்கொண்டு, இடைநிலைக் கோப்புகளை அழித்து, அடுத்த கட்டு. கடைசியில் நான்கு விளைவுகளையும் மறுபடி பொருத்திச் சராசரி. கட்டுகள் சம எண்ணிக்கையில் இருப்பதால் மொத்தமாக அடுக்கியதற்கு ஏறக்குறைய சமமான பலன். எனக்குத் தெரிந்து இடப் பஞ்சத்துக்கு இதுவே நல்ல வழி.

அடுக்கி முடித்த படம் திறந்ததும் கறுப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வெளிச்ச விவரம் எல்லாம் ஹிஸ்டோகிராமின் இடது மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை மெல்ல மெல்ல இழுத்து விரிக்க வேண்டும். முதல் தடவை ஆசையில் ஒரே இழுப்பாக இழுத்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன, நெபுலாவின் நடுவும் வெளுத்தது. ஆதிரையின் செம்மை போன பிறகு அந்தப் படத்தை வைத்து நான் என்ன செய்ய? இரண்டாம் தடவை ஆறு சிறு சிறு இழுப்பு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஆதிரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிவப்பு நிற்கிறதா என்று. நின்றது. ரைஜலின் நீலமும் நின்றது.

1, 16, 100, 400 என்று நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. ஒற்றைப் படத்தில் இரைச்சலுக்குள் ஒரு மங்கல் புள்ளி. 16இல் சிவந்த கறை. 100இல் இரண்டு பக்கமும் சிறகு விரிகிறது. மேலே எம்43 என்ற சிறு கமா வடிவம் தனியாகப் பிரிகிறது. 400இல் சிறகின் ஓரம் வானத்தில் எங்கே கரைகிறது என்று விரலால் தொடரலாம். வாரின் இடது நட்சத்திரமான அல்நிடாக் பக்கத்தில் தீ நாக்கு போலச் சுடர் நெபுலா. மழைக்கோடு இல்லை. தூசி வட்டம் இல்லை. மூலைகள் நடுவின் அளவுக்கே வெளிச்சமாக இருக்கின்றன. வேட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது.

குதிரைத்தலை நெபுலா வரவில்லை. அதன் பின்னணிச் சிவப்பு 656 நானோமீட்டரில் ஹைட்ரஜன் உமிழும் ஒளி. சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. அந்த வடிகட்டியை எடுத்துவிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேமராவில்தான் வீட்டு விசேஷங்களையும் எடுக்கிறேன் என்பதால் அதற்கு மனம் வரவில்லை.

100இலிருந்து 400க்குப் போனபோது வித்தியாசம் இரண்டு மடங்குதான். இன்னொரு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 1,600 வேண்டும். ஒரே இரவில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதுதான் இதில் அழகு. அதே லென்ஸ், அதே கேமரா, அந்தந்த இரவுக்கு உரிய டார்க்கும் ஃப்ளாட்டும் இருந்தால் போன வருடத்துப் படத்தின் மேல் இந்த வருடத்துப் படத்தை அடுக்கலாம். ரா கோப்புகள் நானூறையும் தனி வட்டில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற மார்கழியிலும் தையிலும் அமாவாசைக்கு அமாவாசை 600. உப்பு மூட்டை இரண்டையும் சித்தி எரவாணத்தில் செருகி வைத்திருக்கிறார்.